புதுப்பிப்பு: எடை நின்றுபோச்சு என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி

ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கிய எடை அப்படியே நின்றுவிட்டது, மனசு விட்டுப்போகிறது, சேர்ந்து முயற்சி செய்ய யாராவது வருவீர்களா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒருவர் வந்தார்.

நாங்கள் எடையைச் சொல்லிக்கொள்வதில்லை. தினமும் "நடந்தாச்சு" என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். அது வராவிட்டால் மற்றவர் போன் செய்யவேண்டும், திட்டக் கூடாது. போன வாரம் அலுப்பு, மழை என்று நான் சாக்கு அடுக்கிக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே என்னை ஷூ மாட்ட வைத்துவிட்டார்.

அப்புறம், எடை ஏன் நின்றது? முதலில் குறைந்ததில் பெரும்பங்கு தண்ணீராம். உடல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில்தான் சேமித்து வைக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது தண்ணீரும் போய்விடும். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. போதாததற்கு, உடம்பு இளைக்க இளைக்க அது செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. இப்போது வாரம் ஒருமுறைதான் எடை பார்க்கிறேன், கூடவே இடுப்பளவும். முள் அசையாத வாரத்தில்கூட டேப் இறங்கியிருந்தது!

தினம் பத்தாயிரம் காலடி நடக்கும் சவாலுக்கு அழைத்தவருக்கு: இப்போதைக்கு வேண்டாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியே எங்களுக்குச் சரியாக இருக்கிறது.