தரம் 12 இரசாயனவியல் தொடக்க மாணவர்களுக்கான நூலையும் தவணைப் பரீட்சையையும் எப்படி மதிப்பிடுவது?

வினா: ஆசிரியை, தலவாக்கலை

வணக்கம். இவ்வருடம் தரம் 12 இரசாயனவியல் வகுப்பைப் பொறுப்பேற்றிருக்கிறேன். விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகளில் சாதாரண தரம் முடித்து, உயர்தரத்துக்காக எங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளே வகுப்பில் அதிகம். மூல் பற்றி முன்னரே படித்திருந்தாலும், சூத்திரத்தில் எண்களைப் பிரதியிடுவதற்கு அப்பால் பலருக்கு அதில் பிடிப்பில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலோடு இன்னொரு நூலும் வாங்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஹட்டன் கடைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் டியூஷன் குறிப்புகளுமே. தோட்டச் சம்பளத்தில் வாங்கப்போகும் நூல் என்பதால், ஆராயாமல் ஒன்றைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலாம் தவணைப் பரீட்சையையும் உயர்தர வினாத்தாளின் அமைப்பிலேயே, கூற்றுச் சேர்மானங்களும் (பல கூற்றுகளில் சரியானவை எவை எனத் தெரியும் வினாக்கள்) இரு கூற்று வினாக்களும் அடங்கிய 50 பல்தேர்வு வினாக்களாகத் தயாரிக்கும்படி சக ஆசிரியர்கள் கூறுகிறார்கள். தொடக்கநிலை மாணவருக்கு அது பொருந்துமா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

டீச்சர், நூல் எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, மூல் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் வாசித்துப் பாருங்கள். 2019 மே 20 முதல் ஒரு மூல் என்பது 6.02214076 × 10²³ துணிக்கைகள் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. காபன்-12 இன் 12 கிராமை வைத்துச் சொல்லும் பழைய வரையறையையே நடப்பு வரையறையாகத் தரும் நூல், திருத்தம் காணாமல் மீண்டும் அச்சேறியது என்று கொள்ளலாம். கணக்குகளில் இதனால் பிள்ளைகளுக்கு இடர் வராது; ஆனால் நூலாசிரியரின் கவனம் எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வாயுவின் மூலர்க் கனவளவு, அதாவது ஒரு மூல் வாயு பிடிக்கும் கனவளவு, 22.4 கன டெசிமீற்றர் என்பது 0 பாகை செல்சியசிலும் 1 வளிமண்டல அமுக்கத்திலுமே பொருந்தும். அமுக்கம் 1 பார் எனில் அது 22.7 ஆகும். மலைநாட்டுப் பிள்ளைக்கு இந்த நுணுக்கம் கண்ணெதிரே நிற்கும் விடயம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அமுக்கத்தைக் குறிப்பிடாமல் 100 பாகை என்று மட்டும் எழுதிய நூலைப் படித்த மாணவர், தமது வெப்பமானிதான் பழுது என்று முடிவுகட்டுவார்.

இறுதியாக, பின்னிணைப்பிலுள்ள விடைகளில் சிலவற்றை நீங்களே செய்து பாருங்கள். மொழிபெயர்த்த நூல்களில் ‘மிகையான ஒட்சிசனில்’ என்ற ஒரு சொல் விடுபட்டாலே கணக்குத் தடுமாறும். அப்போது பிள்ளை நூலை அல்ல, தன்னையே சந்தேகிக்கும்.

பதில் 2: ஆசிரியர், பதுளை

பரீட்சை பற்றி எனது கருத்தைச் சொல்கிறேன். இரு கூற்று வினாவில் முதற்கூற்று சரியா, இரண்டாவது சரியா, இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என மூன்று தீர்ப்புகளை ஒருமிக்க வழங்க வேண்டியிருக்கிறது. முதலாம் தவணையில் அதில் புள்ளி குறைந்தால், குறைபாடு இரசாயனவியலிலா வாசிப்பிலா என்று ஆசிரியரால் பிரித்தறிய முடியாது. ஆகவே அந்த அமைப்பை வகுப்பில் பழக்கிவிட்டு, இரண்டாம் தவணையில் சேர்ப்பதே நியாயம்.

பல்தேர்வு வினாவின் தரம் அதன் பிழையான விடைகளில் இருக்கிறது. 25.00 கன சென்ரிமீற்றர் சல்பூரிக் அமிலத்தை முற்றாக நடுநிலையாக்க, அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் எவ்வளவு தேவை என்று கேட்கிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூல் அமிலத்துக்கு இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும் என்பதால் சரியான விடை 50.00. 25.00 ஐத் தெரிவு செய்தவர் மூல் விகிதத்தைக் கவனிக்கவில்லை, 12.50 ஐத் தெரிவு செய்தவர் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். இருவருக்கும் மறுநாள் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு வேறு. எந்தத் தவறான சிந்தனையிலிருந்தும் பிறக்காத விடை, ஐந்தாவது இடத்தை நிரப்புவதற்கு மட்டுமே பயன்படும்.

திருத்தி முடித்ததும் மொத்தப் புள்ளியின்படி மேலுள்ள 27 சதவீதத்தினரையும் கீழுள்ள 27 சதவீதத்தினரையும் ஒப்பிடுங்கள். 40 பேர் வகுப்பில் அது பக்கத்துக்கு 11 பேர். ஒரு வினாவுக்கு மேற்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியாக விடையளித்திருந்தால், வேறுபாடான 6 ஐ 11 ஆல் வகுக்க 0.55 வரும், அது நல்ல வினா. மறைப்பெறுமானம் வந்தால், அதாவது கீழ்க்குழுவினரே கூடுதலாகச் சரியாக விடையளித்திருந்தால், வினாவையோ விடைத்தாளையோ மீண்டும் பார்க்க வேண்டும். சிறிய வகுப்பில் ஒரு பிள்ளையின் விடையே 0.09 அளவு மாற்றத்தைத் தரும் என்பதால், எல்லைப் பெறுமானங்களை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

எண் கணக்கைச் செய்யத் தெரிந்தவருக்கு எண்ணக்கருவும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1987 இல் நரன்பெர்ன், பிக்கரிங் ஆகிய இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் இதைக் காட்டினார்கள்: வாயுக் கணக்கைச் சரியாகச் செய்த பலர், அதே விதியைத் துணிக்கைப் படத்தில் கேட்டபோது தவறினர். எனவே ஒரு வரைதல் வினாவாவது வையுங்கள். உதாரணமாக, ஒரு பெட்டியில் ஆறு மக்னீசியம் அணுக்களும் இரண்டு ஒட்சிசன் மூலக்கூறுகளும் இருந்தால், தாக்கம் முடிந்ததும் பெட்டியில் என்ன இருக்கும் என்று வரையச் சொல்லலாம்.

பதில் 3: ஆசிரிய ஆலோசகர், நுவரெலியா மாவட்டம்

வரைதல் வினா மிக அவசியம் என்பதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் மக்னீசியத்தை எடுக்காதீர்கள். மக்னீசியம் ஒட்சைட்டு அயன் சாலகமாக, அதாவது நேர், எதிர் அயன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பாக, உள்ள சேர்வை. அதைச் சோடி சோடியாக வரையச் சொன்னால், அது தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கிறது என்ற பிழையை நாமே ஊட்டியவர்களாவோம். மூன்று நைதரசன் மூலக்கூறுகளும் ஆறு ஐதரசன் மூலக்கூறுகளும் தாக்கமடைந்து அமோனியா உண்டாகிறது என்று கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. நடைமுறையில் அது இரு திசைகளிலும் நிகழ்ந்து முற்றுப்பெறாத சமநிலைத் தாக்கம் என்பதால், ‘இயன்றளவு முற்றாகத் தாக்கமடைந்ததெனக் கொள்க’ என்ற வரியை மறவாமல் சேருங்கள்.

ஆசிரியை, தலவாக்கலை

மூவருக்கும் மிக்க நன்றி. அமோனியா வினாவையே சேர்க்கிறேன். வரைந்த விடைக்குப் புள்ளியை எப்படிப் பிரிப்பது என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஆசிரிய ஆலோசகர், நுவரெலியா மாவட்டம்

நான்கு அமோனியா மூலக்கூறுகளுக்கு இரண்டு புள்ளி, எஞ்சிய ஒரு நைதரசன் மூலக்கூறுக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு அமோனியாவிலும் ஒரு நைதரசனும் மூன்று ஐதரசனும் இணைந்திருப்பதற்கு ஒரு புள்ளி என்று கொடுக்கலாம். N₂ + 3H₂ → 2NH₃ என்ற சமன்பாட்டில் கண்டபடி இரண்டு அமோனியாவை மட்டும் வரைந்த தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். சமன்பாட்டின் குணகம் விகிதத்தைக் குறிக்கிறதே தவிரப் பெட்டியிலுள்ள எண்ணிக்கையை அல்ல என்பதை, அந்தப் பிள்ளைகளுக்கு மீண்டும் படம் வரைந்தே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.