புதுப்பிப்பு: தெற்குச் சுவரில் மொய்த்த பூச்சிகள்

செப்டம்பர் கடைசியில், இங்கே அமெரிக்காவின் மினசோட்டாவில் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவர் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பூச்சி மொய்க்கிறது, என்னவென்று தெரியுமா என்று கேட்டிருந்தேன். பாக்ஸெல்டர் பூச்சி என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான். ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அரை அங்குலம் இருக்கும். தலைக்குப் பின்னால் மூன்று சிவப்புக் கோடுகள். இறக்கை முளைக்காத குஞ்சுகளோ ரத்தச் சிவப்பு.

பக்கத்து வீட்டில் விதை கொத்துக்கொத்தாகத் தொங்கும் பெண் பாக்ஸெல்டர் மரம் (ஒருவகை மேப்பிள்) நிற்கிறது. அந்த விதைதான் இவற்றின் சாப்பாடு. மரத்தை வெட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இவை தூரத்திலிருந்தும் பறந்து வரும், அதனால் விட்டுவிட்டேன்.

சோப்புத் தண்ணீர் பலன் தந்தது. பூச்சிமேல் நேராகப் பட்டால்தான் சாகும், காய்ந்த பிறகு பயனில்லை. ஆகவே வெயில் ஏறி அவை சுவரில் கூடும் மதிய நேரத்தில் மூன்று நாள் அடித்தேன். அப்புறம் அவை வீட்டுக்குள் நுழையும் இடுக்குகளைத் தேடினேன். கேபிள் நுழையும் துளையைச் சுற்றிச் சுண்டுவிரல் அளவு இடைவெளி; டார்ச் அடித்தால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன! வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு சீலன்ட் வைத்து அடைத்தேன்.

தயவுசெய்து நசுக்காதீர்கள், நாறும், திரைச்சீலையில் கறை படியும். சுவருக்குள் மருந்தும் அடிக்க வேண்டாம், செத்த பூச்சிகளைத் தின்ன, கம்பளித் துணியை அரிக்கும் கம்பள வண்டு வரும். கைக்குழந்தை இருக்கிறதே என்று கவலைப்பட்டவர்களுக்கு: இவை கடிப்பது அபூர்வம், வீட்டுக்குள் பெருகவும் செய்யாது.

நேற்று ஜன்னலோரம் நான்குதான் இருந்தன.