வங்காள விரிகுடாத் திட்டம்: 2003 ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக் குறிப்புகள் தேவை

வணக்கம். முதுகலை ஆய்வுக்கு வங்காள விரிகுடாத் திட்டத்தை எடுத்து, ஓரிடத்தில் நகர முடியாமல் நிற்கிறேன்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ், சென்னையை மையமாக வைத்து 1979-ல் சிறு மீனவர்களுக்காகத் தொடங்கிய திட்டம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவும் அதில் இருந்தன. 2003-ல் அரசுகளுக்கிடையேயான அமைப்பாக மாறியபோது இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு மட்டுமே. அந்த மூன்றும் ஏன் வரவில்லை என்பதுதான் ஆய்வின் உயிர்நாடி.

பல்கலைக்கழக நூலகத்தில் தேடியாயிற்று. இணையத்தில் பழைய அறிக்கைகள் கிடைத்தன. கரையேற்றும் கண்ணாடியிழைப் படகு, மணல் தட்டாமல் மேலே தூக்கிவிடக்கூடிய அதன் உந்துசுழலி (புரொப்பெல்லர்) வரை அருமையாக விவரித்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை பற்றி மட்டும் எதுவும் சிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், இப்போதைக்குச் சென்னை வர வழியில்லை.

அந்தப் பேச்சுவார்த்தைக் குறிப்புகளை யாரிடம் கேட்டுப் பெறலாம்?