ரப்பர் தோட்ட லயத்து வீட்டுக் குடும்பம் (குடும்பக் குழு அரட்டை)

நான்: வணக்கம். பாப்பா எழுதுன இங்கிலீஷ் கட்டுரையை டீச்சர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. திங்கட்கிழமைக்குள்ள புதுசா எழுதணும். வழி சொல்லுங்க.

சின்ன அண்ணி: ஏன் என்னாச்சு

நான்: சாட்ஜிபிடி கிட்ட கதை கேட்டிருக்கா. வகுப்புல இன்னும் ரெண்டு பிள்ளைங்க கதையிலயும் அதே காட்டு வழி, அதே விளக்கு பிடிச்ச கிழவர்.

தம்பி: மூணு பேருக்கும் ஒரே தாத்தா 😂

பெரியக்கா: போனைப் பிடுங்கி வை.

பெரியக்கா: ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு 80 வயசுப் பூஜை. வாழையிலைக்கு யார் சொல்றது?

ஈப்போ அண்ணன்: பிடுங்க வேணாம்கா, கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நம்ம மலேசியாவுல படிவம் 5 பிள்ளைங்க எழுதற எஸ்பிஎம் பரீட்சையில, இங்கிலீஷ் எழுத்துத் தாள் 1 மணி 30 நிமிஷம். மூணு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 20 மார்க். கடைசிப் பிரிவுல கதை, கட்டுரை மாதிரி ஒண்ணைத் தேர்ந்தெடுத்து 200லேருந்து 250 வார்த்தைக்குள்ள எழுதணும். பாப்பாவுக்கு இலக்கணம் வரும். என்ன எழுதறதுன்னுதான் பேனாவைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பா. பரீட்சையில போன் கிடையாது, அதனால யோசிச்சுப் பழகத்தான் சாட்ஜிபிடி உதவணும். 2024ல சயின்ஸ் அட்வான்சஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஏஐ கிட்ட யோசனை வாங்குனவங்க கதை தனித்தனியாப் பார்த்தா நல்லா இருந்துச்சாம், சேர்த்து வச்சுப் பார்த்தா ஒண்ணு மாதிரி ஒண்ணு. பாப்பா வகுப்புல நடந்ததும் அதுதான்.

தம்பி: அண்ணே பாதியிலயே தூங்கிட்டேன்

சின்ன அண்ணி: இலை சுங்கை சிப்புட் பசார்ல சொல்லியாச்சு. 100 போதுமா

பெரியக்கா: போன தடவை பத்தலன்னு பேச்சு கேட்டது யாரு? 120 சொல்லு.

பாப்பா: மாமா அப்போ எப்படிக் கேக்கணும்

ஈப்போ அண்ணன்: கதை கேக்காதம்மா. இங்கிலீஷ்ல இப்படிப் போடு: நான் படிவம் 5 மாணவி, மறக்க முடியாத ஒரு காலையைப் பத்தி எழுதணும், நீ எழுதித் தராதே, ஒரு நேரத்துல ஒரு கேள்வி மட்டும் கேளு.

பாப்பா: உன் வீட்டுல விடியறதுக்கு முன்னாடி எழுந்தவங்க யாருன்னு கேக்குது

பாப்பா: பாட்டின்னு போட்டேன். அவங்க கையில என்ன இருந்துச்சாம். எனக்குத் தெரியல

பெரியக்கா: ரப்பர் பால் வெட்டுற உளி. தோள்ல காண்டாக் கம்பு, ரெண்டு பக்கமும் வாளி.

பெரியக்கா: அதை ஏன் கேக்குற, என்னைக் கேளு. காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேர் கொடுத்துட்டு, இருட்டுலயே எங்க மர வரிசைக்கு, அதான் நிரைக்குப் போவோம். பழைய வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பாலை உரிச்ச பிறகுதான் வெட்டு. பட்டை ஈரமா இருந்தா பால் வெட்டுன கோட்டைத் தாண்டி வழிஞ்சு மரத்துலயே ஓடிடும், பால் பிடிக்கிற மங்குல விழாது. மழைன்னா வெட்டு இல்ல. எனக்கு அப்ப 12 வயசு. இவன் ஈப்போவுல படிக்கணும்னு என்னைப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தி அம்மாகூட அனுப்புனாங்க.

ஈப்போ அண்ணன்: அக்கா அதை நான் ஒரு நாளும் மறக்கல.

பெரியக்கா: மறந்தேன்னு சொல்லலியே.

தம்பி: பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா

நான்: அம்மா பேசுறாங்க, அப்படியே எழுதுறேன்: "வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதான் இருட்டுலயே இழுத்துட்டுப் போவேன். ஒரு நாள் பெரியவ கால்ல அட்டை கடிச்சு ரத்தம் ஓடுது. குனியவே இல்ல. பால் ஸ்டோர் வரைக்கும் நடந்து வந்துட்டா."

பாப்பா: ஏன் பெரியம்மா குனியல

பெரியக்கா: வாளி நெறைய பால். குனிஞ்சா கொட்டிடும்.

பாப்பா: 😢

பாப்பா: இதை எழுதலாமா

பெரியக்கா: எழுது. என் பேரு வேணாம்.

ஈப்போ அண்ணன்: இதை அதுகிட்ட கொடுத்து மெருகேத்தச் சொல்லாதேம்மா. நீயே எழுது. எழுதி முடிச்ச பிறகு, எந்த இடம் புரியலன்னு மட்டும் கேளு. அந்தக் குனியாத இடத்தை அது வெட்டச் சொன்னாலும் வெட்டாதே.

பாப்பா: பெரட்டுக்கு இங்கிலீஷ்ல என்ன மாமா

ஈப்போ அண்ணன்: மஸ்டர். மீதியை சனிக்கிழமை நேர்ல பார்ப்போம்.

பெரியக்கா: நிஜமா வர்றியா?

ஈப்போ அண்ணன்: கார் மெக்கானிக் கிட்ட இருக்குக்கா. பார்க்குறேன்.

பெரியக்கா: போன பொங்கலுக்கும் கார் அங்கதான் இருந்துச்சு.

பாப்பா: பெரியம்மா அட்டை எந்தக் கால்ல

பெரியக்கா: இடது. சாயங்காலம் வா, தழும்பு காட்டுறேன்.

சின்ன அண்ணி: இலை 100தான் கிடைக்குமாம்

தம்பி: பாயசம்???