எடை குறைந்தால் வி-ஏ கூடுமா, குறையுமா?

ராசாளி: நேற்று இங்கே ஒருவர், "தனியாகப் பறக்கும்போது விமானம் லேசாக இருக்கும், அதனால் வி-ஏவை இன்னும் கூட்டிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். வி-ஏ என்றால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை) ஒரே இழுப்பில் முழுதாக இழுத்தாலும் விமானம் தாங்கும் வரம்பை மீறாத உச்ச வேகம், மனூவரிங் ஸ்பீடு. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. செஸ்னா 172எஸ் கையேட்டைத் திறந்து பாருங்கள். 2550 பவுண்டு எடைக்கு வி-ஏ 105 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), 2200க்கு 98, 1900க்கு 90. எடை இறங்க இறங்க வேகமும் இறங்குகிறது. இதில் பேச என்ன இருக்கிறது?

வால்சிறகு: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்ல வாய் வரவில்லையோ? சரி, ஒன்று கேட்கிறேன். ஒரே வேகத்தில் இறக்கை ஸ்டால் ஆவதற்குள் (காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசையை இழப்பதற்குள்) தரக்கூடிய அதிகபட்சத் தூக்குவிசை, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தா வருகிறது? விசை அதேதான் என்றால் இறக்கை ஏன் ஒடிய வேண்டும்?

ராசாளி: இறக்கை ஒடியும் என்று நான் எங்கே சொன்னேன்? விசை அதே, எடை குறைவு, ஆகவே ஜி ஏறும், அதாவது தூக்குவிசை எடையைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு கூடும். 1900 பவுண்டில் 105 நாட்டில் வைத்து எலிவேட்டரை முழுதாக இழுத்தால் 5 ஜியைத் தாண்டும். வரம்பு 3.8. ஆள் இறங்கிவிட்டார் என்பதற்காக என்ஜின் எடை குறையுமா? அதைத் தாங்கும் மவுண்ட், பேட்டரித் தட்டு, இருக்கை எல்லாம் அந்த 5 ஜியை வாங்க வேண்டும். 105, 98, 90.

வால்சிறகு: வரம்பைப் போல் 1.5 மடங்கு வரை உடையாமல் தாங்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி. அதாவது 5.7. உங்கள் 5 அதற்குள்தானே அடங்குகிறது?

ராசாளி: உடையாது, வளைந்தது வளைந்தபடியே நிற்கலாம். அப்புறம் அதில் நீங்களே பறங்கள். 105, 98, 90.

சுக்கான்: இரண்டு பேரும் எடையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 2001 நவம்பர் 12, நியூயார்க், ஏர்பஸ் ஏ300-600. துணை விமானி ரடரை (மூக்கை இடம்வலம் திருப்பும் வால் தகட்டை) இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மிதித்ததில் செங்குத்து வாலே பிய்ந்து போனது. 265 பேர் இறந்தார்கள். அப்போது வேகம் வி-ஏவுக்குக் கீழே. "வி-ஏவுக்குக் கீழே எதையும் எப்படியும் ஆட்டலாம்" என்ற நம்பிக்கைதான் முதலில் தப்பு.

ராசாளி: அது ரடர். இங்கே பேச்சு எடையைப் பற்றி.

சுக்கான்: போன மாதம் ஃப்ளாப் விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை அடைத்தீர்கள்.

ராசாளி: அந்த விவாதத்தில் ஓடிப்போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தூயதமிழ்: வி-ஏ, ஸ்டால், ரடர், மவுண்ட். ஒரு வரியாவது தமிழில் எழுத வராதா?

சுக்கான்: "மனூவரிங் ஸ்பீடு" என்பதைச் "சூழ்ச்சி வேகம்" என்று மொழிபெயர்த்த புண்ணியவான் நீங்கள்தானே? விமானம் யாருக்கு எதிராகச் சதி செய்கிறது ஐயா?

தூயதமிழ்: அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு இளக்காரம்.

புதுமாணவன்: மன்னிக்கவும், சின்னச் சந்தேகம். வேகமானியில் வி-ஏ எந்த நிறத்தில் இருக்கும்? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ராசாளி: இருக்காது தம்பி. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு, எதிலும் வி-ஏ கிடையாது. எடைக்கு எடை மாறும் ஒன்றை எப்படி வரைவது? இதிலிருந்தே வால்சிறகு தப்பு என்று தெரியவில்லையா?

வால்சிறகு: ஸ்டால் வேகமும் எடைக்கு எடை மாறும்தான். அது மட்டும் பச்சையின் அடி நுனியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

ராசாளி: அது அதிகபட்ச எடைக்கானது.

வால்சிறகு: அப்படியே வி-ஏவுக்கும் 105இல் ஒரு கோடு போட்டிருக்கலாமே?

ராசாளி: போட்டால் உங்களைப் போன்றவர்கள் லேசான விமானத்தையும் 105இல் ஓட்டிக் குலுக்குவீர்கள். அதனால்தான் போடவில்லை.

வால்சிறகு: கோடு போடாததன் காரணத்தைத் தயாரிப்பாளர் உங்கள் காதில் வந்து சொன்னாரா?

சுக்கான்: புதுமாணவன் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவரை விடுங்கள்.

ராசாளி: யாரையும் விடுவதாக இல்லை. 105, 98, 90. நாளை கையேட்டுப் பக்கத்தைப் படமெடுத்தே போடுகிறேன்.

வால்சிறகு: தாராளமாக. அதன் பதிப்பு எந்த ஆண்டு என்பதும் படத்தில் தெரியட்டும்.