குறி வைக்க எது சரி: கைரோவா, ஸ்டிக்கா?

மழைக்கிளி:
பத்து வருடத்துக்கும் மேலாக சுடும் விளையாட்டுகளை கண்ட்ரோலரின் வலது ஸ்டிக்கில்தான் (கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி) ஆடினேன். போன வருடம் ஸ்ப்ளட்டூன் 3 ஆடத் தொடங்கினேன். அதில் கைரோ, அதாவது கண்ட்ரோலர் திரும்புவதை அளக்கும் சென்சாரை வைத்து, கண்ட்ரோலரைச் சாய்த்துக் குறி வைப்பது முதலிலேயே ஆன் ஆகி இருக்கும். முதல் மூன்று நாள் எரிச்சல்தான். அணைத்துவிடலாம் என்று அமைப்புப் பக்கம் வரை போனேன். ஒரு வாரம் கழிந்ததும் மற்ற விளையாட்டுகளில் ஸ்டிக்கைத் தொடவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: ஸ்டிக் நடக்கவும் திரும்பவும் நல்ல கருவி, குறி வைக்க ஏற்ற கருவி அல்ல.

காரணம் எளிது. ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோம் என்பது, குறி எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. பாதி தள்ளினால் விநாடிக்கு 90 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி 15 டிகிரி தள்ளி நிற்கிறான். அப்படியென்றால் ஸ்டிக்கை ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் சரியாகப் பிடித்துவிட்டு, சரியான கணத்தில் விட வேண்டும். இது கடிகாரத்தோடு போட்டி போடுவது மாதிரி. கைரோவில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றுக்கு மூன்று என்று வைத்திருந்தால் மணிக்கட்டை 5 டிகிரி திருப்பினால் போதும், குறி 15 டிகிரி போய் நின்றுவிடும். மவுஸும் இப்படித்தான் வேலை செய்கிறது. கை நின்ற இடத்தில் குறியும் நிற்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கத் தயார்.

கோட்டைவாசல்:
எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

கணக்கு சரிதான். ஆனால் கட்டைவிரல் கணக்குப் போட்டு ஆடுவதில்லை. வருடக்கணக்கில் பழகிய விரலுக்கு அந்த ஆறில் ஒரு பங்கு விநாடி தானாகத் தெரியும். சைக்கிள் ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய வேண்டும் என்று யோசிப்பதில்லையே.

2000ஆம் ஆண்டில் முதல் பிளேஸ்டேஷனுக்கு 'ஏலியன் ரெசரெக்ஷன்' வந்தது. இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை, இன்று நாம் எல்லோரும் ஆடுகிற அதே முறை. அன்றைய விமர்சனத்தில் அந்தக் கட்டுப்பாட்டைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். அடுத்த வருடமே 'ஹேலோ' வந்தது, அதே இரண்டு ஸ்டிக் முறையை உலகமே ஏற்றுக்கொண்டது. கருவி அதேதான். விளையாட்டைச் செய்தவர்கள் அந்தக் கருவியைப் புரிந்துகொண்டு, குறி எதிரியின் மேல் வரும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், தோட்டாவைக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தார்கள். அந்த எய்ம் அசிஸ்டையும் சேர்த்துத்தான் 'ஸ்டிக்' என்று சொல்ல வேண்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டிக்கை மட்டும் எடைபோடுவது நியாயமில்லை.

இன்னொன்று, ஸ்டிக்கை விட்டால் நடுவுக்கு வந்துவிடும், குறி அசையாமல் நிற்கும். கைரோவுக்கு அப்படி ஒரு நடு இல்லை. மூச்சு விட்டாலும் குறி நகரும். பட்டனை அழுத்தினாலும் நகரும். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வானத்தைப் பார்க்கும்.

மழைக்கிளி:
எய்ம் அசிஸ்ட் பற்றி நீங்கள் சொன்னதையே என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு கருவி தனியாகப் போதவில்லை என்பதால்தான் விளையாட்டு உள்ளே புகுந்து கை கொடுக்கிறது. 1997இல் 'கோல்டன்ஐ' ஒரே ஸ்டிக்கோடு வந்தபோதும் தானாகக் குறி வைக்கும் வசதியைச் சேர்த்தே கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த தருணம், தூரத்தில் ஓடுகிறவனை நானே பிடித்துச் சுடுவது. அதில் பாதியை விளையாட்டு செய்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மகிழ்ச்சி எனக்கு வருவதில்லை. இது எனக்கு முக்கியம்.

அப்புறம், கைரோ ஆடுகிறவர்கள் ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய திருப்பம் ஸ்டிக்கில், கடைசிக் கொஞ்சம் மணிக்கட்டில். ஸ்ப்ளட்டூனில் மோஷன் (கைரோவில் குறி வைப்பது) ஆன் செய்திருந்தால் வலது ஸ்டிக் இடம் வலம் மட்டும் திருப்பும், மேல் கீழ் முழுக்க கையில்தான். நிமிர்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தால் ஒய் பட்டனை ஒரு தட்டு, பார்வை நேராகிவிடும். இரண்டாம் வாரத்தில் அந்தத் தட்டு கண் சிமிட்டுவது போல ஆகிவிடும்.

விரல்நுனி:
நான் கண்ட்ரோலர் ஆள் இல்லை, பப்ஜி மொபைல் ஆள். மொபைலில் இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணாடித் திரையில் கட்டைவிரலை இழுத்து ரீகாயிலை (சுடும்போது துப்பாக்கி மேலே எகிறுவதை) அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். விரல் திரையின் ஓரத்துக்கு வந்துவிடும், தூக்கி மறுபடி வைக்க வேண்டும், அதற்குள் துப்பாக்கி மேலே ஏறிவிடும். கைரோ ஆன் செய்தால் போனை லேசாக முன்னால் சாய்த்தாலே போதும்.

அமைப்பில் 'ஸ்கோப் ஆன்' என்றும் 'ஆல்வேஸ் ஆன்' என்றும் இரண்டு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதலாவதில் தொடங்குங்கள். ஸ்கோப்பை (துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவியை) திறக்கும்போது மட்டும் கைரோ வேலை செய்யும், ஓடும்போது தலை சுற்றாது. நான் நான்கு மாதம் அப்படி ஆடிவிட்டுத்தான் 'ஆல்வேஸ்' பக்கம் போனேன். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனி சென்சிட்டிவிட்டி (எவ்வளவு சாய்த்தால் குறி எவ்வளவு நகரும் என்ற அளவு) வைக்கலாம், அதைச் சோம்பல்படாமல் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். பெரிதாக்காத ரெட் டாட்டுக்கு வைத்த எண்ணை அப்படியே ஆறு மடங்கு பெரிதாக்கும் 6எக்ஸுக்கு வைத்தால் வெறுத்துப் போய் அணைத்துவிடுவீர்கள்.

கோட்டைவாசல்:
விரல்நுனி, மொபைலில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அங்கே எதிரில் இருப்பது உண்மையான ஸ்டிக் இல்லை, வழுக்குகிற கண்ணாடி. விரலுக்குத் தடையும் இல்லை, விளிம்பும் இல்லை. அதோடு போட்டி போட்டு கைரோ ஜெயித்ததை வைத்து, நல்ல ஸ்பிரிங் உள்ள ஸ்டிக்கையும் ஜெயித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கையடக்கக் கருவியில் கைரோ என்றால் நீங்கள் சாய்ப்பது திரையையே. குறியைக் கீழே கொண்டுவரத் திரையைச் சாய்க்கிறோம், அப்போது பார்க்கும் கோணமும் மாறுகிறது. ஓடுகிற வண்டியில் ஆடிப் பாருங்கள். வண்டி வளைவில் திரும்பினால் அந்தத் திருப்பத்தையும் கைரோ அளந்துவிடும், உங்கள் ஆளும் சேர்ந்து திரும்புவான். ஸ்டிக்குக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. படுத்துக்கொண்டும் ஆடலாம், ஒருக்களித்தும் ஆடலாம்.

அமுதமொழி:
இதுவரை பேசிய எல்லோருக்கும் கை ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். எனக்குச் சில வருடமாக கை நடுக்கம் உண்டு. ஸ்டிக்கில் அது பெரிதாகத் தெரிவதில்லை. நடுவில் டெட் ஸோன் என்று சிறிய அளவு அசைவைக் கண்டுகொள்ளாத இடம் இருக்கிறதல்லவா, என் நடுக்கத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். கைரோவை ஆன் செய்தால் என் கையில் உள்ளதெல்லாம் அப்படியே திரையில் தெரியும். ஸ்கோப் திறந்தால் இன்னும் மோசம்.

எய்ம் அசிஸ்டை 'போதாத கருவிக்குக் கை கொடுப்பது' என்று மழைக்கிளி எழுதியிருந்தார். எனக்கு அது படிக்கக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கை இருப்பதால்தான் நான் இன்னும் என் தம்பியோடு ஆடுகிறேன்.

மழைக்கிளி:
அமுதமொழி, நான் அந்த வரியை யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எய்ம் அசிஸ்டை எடுத்துவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஸ்டிக்கில் ஆடும் வழி எல்லா விளையாட்டிலும் இருந்தே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கணினி விளையாட்டுத் தளமான ஸ்டீமில் மிக மெதுவான அசைவுகளை அடக்கி வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை முயன்று பார்த்தீர்களா?

அமுதமொழி:
பார்த்தேன். நடுக்கம் குறைந்தது உண்மை. ஆனால் தலையைக் குறி வைக்க நான் வேண்டுமென்றே செய்கிற மெல்லிய அசைவும் அதோடு சேர்ந்து போய்விட்டது. எது நடுக்கம், எது நான் என்று அதற்குத் தெரியாது.

சுழியம்:
நான் கைரோ பக்கம்தான். ஆனால் கோட்டைவாசல் வெறுத்தது கைரோவை இல்லை, மோசமாகச் சேர்க்கப்பட்ட கைரோவை என்று சந்தேகப்படுகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

முதலில், சாய்த்து ஆடுவதெல்லாம் கைரோ இல்லை. 2006இல் வந்த நின்டெண்டோ வீயின் கண்ட்ரோலரான வீ ரிமோட்டில் கைரோவே கிடையாது. அதில் அகச்சிவப்பு கேமரா ஒன்று டிவிக்கு மேல் வைத்த பட்டையைப் பார்த்துத்தான் குறி வைத்தது. கைரோ 2009இல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவியாகத்தான் வந்தது. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து இன்றைக்கும் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். இன்று பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் கண்ட்ரோலர்களில் இருப்பது வேறு. எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கண்ட்ரோலரில் இன்னும் இல்லை, அதனால் எல்லாத் தளங்களுக்கும் விளையாட்டு செய்கிறவர்கள் பலர் இதை அக்கறையோடு சேர்ப்பதும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இரண்டாவது, கணினியில் பலர் கைரோவை ஸ்டிக்காக மாற்றி விளையாட்டுக்குள் அனுப்புகிறார்கள். அதுதான் பெரிய தவறு. அப்படிச் செய்தால் ஸ்டிக்கின் டெட் ஸோன், வேகக் கட்டுப்பாடு, அதன் உச்ச வேகம் எல்லாம் கைரோவின் தலையில் ஏறிவிடும். லேசாகத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரேயடியாகப் பாயும். ஆடுகிறவர் கைரோவே இப்படித்தான் என்று முடிவு செய்துவிடுவார். விளையாட்டு மவுஸையும் கண்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளுமானால் கைரோவை மவுஸாக அனுப்புங்கள்.

மூன்றாவது, நிறுத்தும் வழி. மவுஸ் மேசை ஓரத்துக்குப் போனால் தூக்கி நடுவில் வைக்கிறோம். கைரோவிலும் அதுபோல ஒன்று வேண்டும். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் வலது ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரல் பட்டால் கைரோ ஆன், விரலை எடுத்தால் ஆஃப் என்று வைக்கலாம். நிமிர்ந்து உட்கார வேண்டுமா, விரலைத் தூக்குங்கள். வண்டி வளைவில் திரும்புகிறதா, விரலைத் தூக்குங்கள். 'நடு இல்லை' என்ற குறைக்கு இதுதான் பதில்.

பெரிய திருப்பத்துக்கு 'ஃபிளிக் ஸ்டிக்' என்று ஒரு முறையும் இருக்கிறது. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் ஆள் உடனே 90 டிகிரி திரும்புவான், பின்னால் இழுத்தால் 180. மேல் கீழ் கைரோவில்தான். ஃபோர்ட்நைட்டில் 2022இலேயே சேர்த்துவிட்டார்கள். பழக எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, ஆனால் முதுகுக்குப் பின்னால் சுடுகிறவனை நோக்கித் திரும்ப இதைவிட வேகமான வழி கண்ட்ரோலரில் எனக்குத் தெரியாது.

கோட்டைவாசல்:
சுழியம், நீங்கள் சொன்ன இரண்டாவது தவறைத்தான் நான் செய்திருந்தேன். கைரோவை ஸ்டிக்காக அனுப்பி, மூன்று நாள் ஆடி, மூட்டை கட்டிவிட்டேன். சரி, இரண்டு வாரம் நீங்கள் சொன்னபடி ஆடிவிட்டு வந்து எழுதுகிறேன்.

விரல்நுனி:
கண்ட்ரோலரை முதலில் மேசையில் அசையாமல் வைத்து கேலிப்ரேட் செய்துகொள்ளுங்கள், அதாவது அசையாத நிலை எது என்று கைரோவுக்குக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கை வைக்காமலே குறி ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

கோட்டைவாசல்:
இரண்டு வாரம் ஆயிற்று. தினமும் ஒரு மணி நேரமாவது ஆடினேன்.

தூரத்துக் குறியில் மழைக்கிளி சொன்னது சரி. நான்கு மடங்கு ஸ்கோப்பில் ஜன்னல் ஓரத்தில் தெரிகிற தலையை முன்பு மூன்று நான்கு திருத்தத்தில் பிடிப்பேன், இப்போது பெரும்பாலும் ஒன்றில் பிடிக்கிறேன். ஸ்டிக்கில் அந்தக் கடைசி ஒரு டிகிரி எனக்கு எப்போதும் தாண்டித் தாண்டிப் போகும். அது என் விரலின் குறை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஆனால் நெருங்கிய சண்டையில் என் கருத்து மாறவில்லை. இரண்டு பேரும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடும்போது ஒரே வேகத்தில் தொடர்ந்து திருப்ப வேண்டும். வேகத்தைப் பிடித்துவைக்கத்தான் ஸ்டிக் பிறந்தது. கைரோவில் மணிக்கட்டு ஒரு கட்டத்தில் திரும்புவதற்கு இடமில்லாமல் போய்விடுகிறது, விரலைத் தூக்கி மறுபடி தொடுவதற்குள் அவன் கடந்துவிடுகிறான். அதனால் ஸ்கோப் திறந்தால் மட்டும் கைரோ, மற்ற நேரம் ஸ்டிக் என்று வைத்துவிட்டேன்.

மழைக்கிளி:
அதில்தான் நான் உடன்படவில்லை. ஸ்கோப் திறந்தால் ஒரு கை, மூடினால் வேறு கை என்று உடம்புக்கு இரண்டு பழக்கம் சொல்லித் தருகிறீர்கள். நெருங்கிய சண்டையில் திருப்பும் வேகத்தை ஸ்டிக்குக்குக் கொடுங்கள், மேலே கீழே விலகுவதைத் திருத்த மட்டும் மணிக்கட்டு. இரண்டும் ஒரே நேரத்தில். மணிக்கட்டு ஒருபோதும் எல்லைக்குப் போகாது. எப்போதும் ஆனில் வைத்து இன்னும் ஒரு மாதம் ஆடிப் பாருங்கள்.

கோட்டைவாசல்:
நண்பரே, நான் இரவில் படுத்துக்கொண்டு, கண்ட்ரோலரை நெஞ்சின் மேல் சாய்த்து வைத்து ஆடுகிறவன். எப்போதும் ஆனில் இருந்தால் என் மூச்சோடு சேர்ந்து குறி ஏறி இறங்கும். ஸ்கோப் திறக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம், சண்டை முழுக்க முடியாது.

அமுதமொழி:
கோட்டைவாசல், அந்த ஸ்கோப் அமைப்பில் எய்ம் அசிஸ்ட் உங்களுக்கு இன்னும் வேலை செய்கிறதா? சில விளையாட்டில் கைரோவை மவுஸாக அனுப்பினால் அது நின்றுவிடுகிறது.

கோட்டைவாசல்:
நான் ஆடுவதில் ஸ்கோப் திறந்து கைரோ அசைந்ததும் நின்றுவிடுகிறது, மூடி ஸ்டிக்கைத் தொட்டதும் வந்துவிடுகிறது. நீங்கள் ஸ்கோப்பிலும் ஸ்டிக்கையே வைத்தால் எதுவும் மாறாது.