ஆச்சியின் சுருக்குப்பையில் 23 வெள்ளிக் காசு: என்ன பெறும்?

நெல்லைப்பேத்தி:
வணக்கம். போன மாதம் ஆச்சி தவறிவிட்டார்கள். அரங்கு வீட்டுப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. அம்மாவும் சித்தியும் பிரித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் மதிப்பு கேட்கிறேன்.

விக்டோரியா 1862 ஒன்பது, 1901 இரண்டு. எட்வர்ட் 1907 மூன்று. ஜார்ஜ் 1918, 1919 சேர்த்து ஐந்து. 1944 இரண்டு. புலி போட்ட 1947 ஒன்று. ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 என்று ஒன்று.

நகைக்கடையில் "எடை போட்டு எடுத்துக்கிறோம், பழசுக்குன்னு தனி விலை கிடையாது" என்றார்கள். யூடியூபில் ஒருவர் 1862 காசு லட்சக்கணக்கில் போகும் என்கிறார். அவர் கொடுத்த எண்ணுக்குப் பேசினால் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

சித்தி மூன்று காசைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். மற்றதையும் தேய்த்துவிடலாமா?

பொட்டல்காடு:
முதலில் புளியை வாங்கி ஒளித்து வையுங்கள். கட்டணம் கேட்டவன் திருடன். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடக்கிறது என்று 2021இல் எச்சரித்தது.

காசுக்கிறுக்கன்:
முப்பது வருடமாக இதே வேலையாகத் திரிகிறவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் எல்லாம் 11.66 கிராம், ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஒரு காசில் கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. உங்கள் 19 காசில் தேய்மானம் போக 200 கிராமை ஒட்டி வரும். இதுதான் அடிமட்ட விலை, இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். 1944ஐ இதோடு கலக்க வேண்டாம். 1940க்கு மேல் போர்க்காலத்தில் பாதிதான் வெள்ளி. 1947 புலி சுத்த நிக்கல், காந்தத்தை வைத்தால் ஒட்டும். ராமர் காசு நாணயமே அல்ல, பூஜைக்கென்று விற்ற வட்டத் தகடு. கம்பெனி ராமரைப் போட்டுக் காசு அடித்ததே இல்லை.

இனி 1862. அந்த ஆண்டு போட்டதெல்லாம் அந்த ஆண்டில் அடித்ததல்ல. 1874இல் ஆண்டை மாற்றும்வரை 1862 என்றே போட்டு அடித்துத் தள்ளினார்கள். அதனால் ஊரெல்லாம் கிடைக்கும், லட்சம் என்பது கதை. ஆனால் பம்பாயில் அடித்த காசுகளில் வருடத்தைக் குறிக்கப் பின்பக்கம் குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்தார்கள். லென்ஸ் வைத்து எண்ணுங்கள். சில புள்ளிக் கணக்குக்குச் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள்.

அப்புறம் தேய்மானம். ராணியின் சட்டையில் உள்ள பூ வேலை எண்ணும்படி இருக்கிறதா, மழுங்கிப் போனதா? அதில்தான் விலை. 150 வருடம் பழசு என்பதற்காக யாரும் பைசா கூட்டித் தருவதில்லை. ஐந்தாம் ஜார்ஜில் 1911 இருந்தால் சந்தோஷப்படலாம். ராஜா அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிந்ததால் முஸ்லிம்கள் கோபப்பட, வெளியே போனது போக மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 அதைவிட அரிது, அதனாலேயே போலியும் அதிகம். உங்கள் 1918, 1919 சாதாரணம்.

சித்தி தேய்த்த மூன்றும் இனி வெள்ளி விலைதான். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, அதைப் பார்த்துத்தான் நாங்கள் வாங்குகிறோம். எதிலாவது வளையம் வைத்துப் பற்றவைத்த தடம் இருக்கிறதா?

நெல்லைப்பேத்தி:
இருக்கிறது ஐயா, இரண்டு 1862இல். ஆச்சி சின்ன வயதில் கழுத்தில் கோத்துப் போட்டிருந்தார்களாம். 1947 காந்தத்தில் டக்கென்று ஒட்டியது. ஒரு 1862இல் கீழே மூன்று புள்ளி தெரிகிறது, பூ வேலையும் அப்படியே இருக்கிறது.

காசுக்கிறுக்கன்:
அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாமல், ஓரத்தைப் பிடித்துக் காகித உறையில் வையுங்கள். இரு பக்கமும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வளையம் வைத்தவற்றை விற்காதீர்கள். சந்தையில் அதற்கு மதிப்பில்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது.

நெல்லைப்பேத்தி:
வளையம் வைத்த இரண்டும் அம்மாவுக்கும் சித்திக்கும் ஆளுக்கொன்று என்று முடிவாகிவிட்டது. இப்போது சண்டை வேறு. இருவருக்கும் அந்த ராமர்தான் வேண்டுமாம்.